சம்பளப் பட்டியல் போடும் வேலை: பேரோல் அசிஸ்டென்ட் ஆக நினைப்பவர்களுக்கு

கோயம்புத்தூர் பக்கம் ஏதாவது ஒரு பம்ப்செட் கம்பெனியின் பெர்சனல் ஆபீஸில், சம்பளம் போட்ட மறுநாள் போய் நின்று பாருங்கள். ஒரே கேள்வி பல குரலில் கேட்கும். "ஏனுங்க, போன மாசத்தை விட முந்நூறு ரூபா கம்மியா வந்திருக்குது?" இப்போதெல்லாம் அதே கேள்வி இந்தியிலும் கேட்கிறது. அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டிய ஆள்தான் பேரோல் அசிஸ்டென்ட்.

பி.காம். முடித்தவர்களும் பி.பி.ஏ. முடித்தவர்களும் இந்த வேலையைக் கணக்கு வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கூட்டல் கழித்தலை மென்பொருள் செய்துவிடும். அதற்கு எதைக் கொடுப்பது, அது கொடுத்த விடை சரிதானா, அந்த விடை ஏன் வந்தது என்கிற மூன்றும்தான் மனிதருக்கு மிஞ்சிய வேலை. இதில் மூன்றாவதை யார் கற்றுக்கொள்கிறாரோ அவர் மேலே போகிறார். மற்றவர்கள் பத்து வருடம் ஆனாலும் டேட்டா என்ட்ரியிலேயே இருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு மாதம் எப்படி ஓடும்?

முதலில் வருகைப் பதிவு. சில கம்பெனிகள் ஒன்றாம் தேதி முதல் மாதக் கடைசி வரை கணக்கெடுக்கும். சில கம்பெனிகள் 21ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 20 வரை எடுக்கும். பட்டியல் போட நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கைரேகை மெஷின் வந்துவிட்டதால் வேலை குறைந்தது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். இரவு ஷிப்ட் ஆள் 14ஆம் தேதி ராத்திரி உள்ளே வந்து 15ஆம் தேதி காலை வெளியே போவார். ஷிப்ட் அமைப்பைச் சரியாகப் போடாவிட்டால் மெஷின் இரண்டு நாளிலும் அவரை அரைகுறையாகக் காட்டும். பஞ்ச் விட்டுப்போனவர், வேலையாக வெளியே போனவர், லீவ் சொல்லிவிட்டு எழுதிக் கொடுக்காதவர் என்று ஒவ்வொருவரையும் சூப்பர்வைசரிடம் கேட்டுச் சரிசெய்வதில்தான் பாதி நாள் போகும்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கதையே வேறு. அங்கே கணக்கு ஷிப்டில் ஓடும். அரை ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று எழுதிச் சனிக்கிழமை சம்பளம் கொடுப்பது பழைய வழக்கம். தையல்காரருக்குப் பீஸ் ரேட். மாதச் சம்பளம் மட்டும் பார்த்தவர் அங்கே போனால் முதல் இரண்டு மாதம் திணறுவார்.

வருகை முடிந்ததும் மாற்றங்கள் வரும்: புதிதாகச் சேர்ந்தவர், நின்றவர், சம்பள உயர்வு, அட்வான்ஸ் பிடித்தம், கேன்டீன், சொசைட்டிக் கடன். இவற்றை ஏற்றிப் பட்டியலை ஓட்டியபின், போன மாதப் பட்டியலை எடுத்து ஆளுக்கு ஆள் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யாருக்குத் தொகை மாறியிருக்கிறதோ அவருக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் தெரியாத மாற்றம் ஒன்று இருந்தாலும் பட்டியலை மேலே அனுப்பாதீர்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் முதல் மாதத்திலேயே பிடித்துக்கொண்டால் போதும் என்பேன்.

பிறகு ஒப்புதல், வங்கிக்கு ஃபைல், சம்பளச் சீட்டு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். பிடித்த வருமான வரியை அதே 7ஆம் தேதிக்குள்ளும், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டையும் 15ஆம் தேதிக்குள்ளும் கட்ட வேண்டும். மார்ச் மாத வரிக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு.

ஒரு சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்

2025 ஜூன் மாதம், ஒரு லேத் ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000. வீட்டு வாடகைப்படி 5,000. ஆக 20,000. அந்த மாதம் லீவ் போடாமல் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. ஓவர்டைம் பார்த்ததில் 1,500 வந்திருக்கிறது. திருவிழா அட்வான்ஸில் மாதம் 1,000 பிடிக்க வேண்டும்.

ஜூனுக்கு 30 நாள். 28 நாளுக்குத்தான் சம்பளம். அடிப்படையும் பஞ்சப்படியும் 14,000 ஆகும், வாடகைப்படி 4,667 ஆகும். ஓவர்டைமைச் சேர்த்தால் மொத்தம் 20,167. இங்கேயே ஒரு கேள்வி வரும். 30ஆல் வகுப்பதா, 26ஆல் வகுப்பதா? ஞாயிறு விடுமுறைக்குச் சம்பளம் உண்டு என்று நாள்கணக்கு பார்க்கும் கம்பெனி மாத நாட்களால் வகுக்கும். வேலைநாளை மட்டும் எண்ணும் கம்பெனி 26ஆல் வகுக்கும். எந்த முறை என்பதைச் சேர்ந்த முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து பிஎஃப். 14,000இல் 12 சதவீதம், 1,680 ரூபாய். ஓவர்டைமுக்கும் வாடகைப்படிக்கும் இதில் இடமில்லை. கம்பெனியும் அதே 1,680 கட்டுகிறது. ஆனால் அது இரண்டாகப் பிரிகிறது. 8.33 சதவீதம், அதாவது 1,166 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மிச்சம் 514 மட்டும்தான் பிஎஃப் கணக்கில் ஏறும். பாஸ்புக்கைப் பார்த்த தொழிலாளி "என்கிட்ட 1,680 பிடிச்சீங்க, கம்பெனி 514தான் கட்டியிருக்குது, மிச்சத்தை யாரு சாப்பிட்டீங்க?" என்று சண்டைக்கு வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஓய்வூதியக் கட்டத்தைக் கை வைத்துக் காட்டினால் சண்டை முடிந்தது. ஓய்வூதியப் பங்கு 15,000 ரூபாய் ஊதியத்தின் மீதுதான் கணக்கிடப்படும். அதனால் அது மாதம் 1,250ஐத் தாண்டாது. இந்த 15,000 உச்சவரம்பு 2014 செப்டம்பரில் வந்தது.

ஈஎஸ்ஐக்கு ஓவர்டைமும் சேரும். 20,167இல் 0.75 சதவீதம் 151 ரூபாய் 25 காசு. ஈஎஸ்ஐயில் காசு வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும், ஆகவே 152. கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம், 656 ரூபாய். இந்த விகிதங்கள் 2019 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ளவை.

மொத்தம் 20,167இலிருந்து 1,680, 152, அட்வான்ஸ் 1,000 போனால் கையில் 17,335. வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு வராது. தொழில் வரி ஜூனில் பிடிக்கவில்லை, ஏனென்றால் தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை. மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ, கம்பெனி எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே கட்டுவது. அரசியல் சட்டப்படி ஆண்டுக்கு 2,500க்கு மேல் போகக்கூடாது. அதே கம்பெனிக்குப் பெங்களூரில் கிளை இருந்தால் அங்கே மாதாமாதம் பிடிக்க வேண்டும். ஒரே பட்டியலில் இரண்டு மாநில வழக்கம் வரும்போது புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

இப்போது அதே ஆளுக்கு ஜூலையில் சம்பளம் 22,000 ஆகிறது. ஈஎஸ்ஐ வரம்பு 21,000. உடனே பிடித்தத்தை நிறுத்திவிடலாமா? கூடாது. ஈஎஸ்ஐக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. இடையில் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை, ஏறிய சம்பளத்தின் மீதே, பிடித்தாக வேண்டும். அக்டோபரில்தான் அவர் வெளியே வருவார். அப்போது ஆள் பதறுவார், வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருக்கும். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பலன் கிடைக்கும் காலம் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை என்பது தெரிந்த அசிஸ்டென்ட் அவரை நாற்காலியில் உட்காரவைத்து விளக்குவார். தெரியாதவர் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்பார். மேலே நான் சொன்ன வித்தியாசம் இதுதான்.

சட்டம் மாறும்போது

ஜூன் 2025 என்று தேதி போட்டு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பேரோல்காரர்களை நேரடியாகத் தொடுவது 'ஊதியம்' என்பதற்கான புதிய வரையறை. அடிப்படை, பஞ்சப்படி, தக்கவைப்புப்படி (வேலை இல்லாத காலத்தில் ஆளைத் தக்கவைக்கக் கொடுப்பது) மூன்றும் ஊதியம். வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம், போனஸ் போன்றவை அதில் சேரா. ஆனால் சேராதவற்றின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

ஒருவருக்கு மொத்தம் 20,000, அதில் அடிப்படை 8,000, மீதி 12,000 படிகள் என்றால், படிகளில் 10,000 வரைதான் விலக்கு. மிச்சம் 2,000 ஊதியத்தில் ஏறி, ஊதியம் 10,000 ஆகிறது. அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஊதிப் பெரிதாக்கி பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை) செலவைக் குறைத்துவந்த கம்பெனிகளுக்கு இது தலைவலி. நம் லேத் ஆபரேட்டருக்கு அடிப்படையே முக்கால் பங்கு என்பதால் இந்தப் பாதிக் கணக்கு அவரைத் தொடாது. ஆனால் ஓவர்டைமும் வாடகைப்படியும் விலக்குப் பட்டியலில் இருப்பதால், அவருடைய ஈஎஸ்ஐ கணக்கைப் புதிதாகப் பார்க்க வேண்டிவரும். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலைநாளுக்குள் ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்பதும் புதிய சட்டத்தில் இருக்கிறது. "அடுத்த மாச சம்பளத்தோட பார்த்துக்கலாம்" என்ற பழைய பதில் இனி செல்லாது.

வருமான வரியிலும் இப்படித்தான். 2025–26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவு தனி. ஆகவே தொழிற்சாலைத் தளத்தில் வரிப்பிடித்தம் அநேகமாக இல்லாமலே போய்விட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். விதி மாறும் ஒவ்வொரு முறையும் மென்பொருளில் ஒரு பட்டன் மாறும். அந்த மாற்றம் சரிதானா என்று கையால் ஒரு சீட்டைப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவரைத்தான் மேனேஜர் தேடுவார்.

பெயரும் இனிஷியலும்

பாடப்புத்தகத்தில் வராத, ஆனால் தமிழ்நாட்டில் தினமும் வரும் தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால் இருக்கும், பழைய கம்பெனி வாங்கிய யுஏஎன் என்னும் பிஎஃப் உறுப்பினர் எண்ணில் இனிஷியலே இல்லாமல் போட்டிருக்கும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் நான்கு பேர். பிஎஃப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் இது தெரியவரும், அதுவும் மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. ஆகவே ஆள் சேரும் நாளிலேயே ஆதாரை வைத்துப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் ஒத்துப் பார்த்து, தவறிருந்தால் அப்போதே திருத்தச் சொல்லிவிடுவது நல்லது. முந்தைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பழைய பணத்தை மாற்றுவது இழுத்துக்கொண்டே போகும்.

வங்கி விவரமும் அப்படியே. கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடன் இணைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. அடுத்தடுத்து ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறின. பழைய எண்ணோடு போன சம்பளம் திரும்பி வந்தால், வங்கியைத் திட்ட மாட்டார்கள், உங்களைத்தான் திட்டுவார்கள்.

நம்பிக்கை என்னும் சொத்து

உங்கள் மேஜையில் எல்லாருடைய சம்பளமும் இருக்கும். பக்கத்து சீட் அக்கா எவ்வளவு வாங்குகிறார், புதிதாக வந்தவருக்கு ஏன் அதிகம் என்பதெல்லாம் தெரியும். டீக்கடையில்கூட வாய் திறக்கக்கூடாது. ஒருமுறை கசிந்தால் இந்தத் துறையில் திரும்ப நிற்பது கஷ்டம்.

இல்லாத ஆளைப் பட்டியலில் சேர்த்துப் பணம் எடுப்பது சம்பள மோசடிகளில் மிகப் பழையது. இரண்டு பெயருக்கு ஒரே வங்கிக் கணக்கு எண் இருக்கிறதா என்று மாதாமாதம் எக்செலில் ஒரு சோதனை போட்டுவிடுங்கள். பட்டியல் போடுபவரும் பணத்தை விடுவிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. முதலாளி நம்பிக்கையில் தன் பாஸ்வேர்டையும் டிஜிட்டல் கையெழுத்தையும் உங்களிடமே கொடுத்தால் பெருமைப்படாதீர்கள், நாளைக்கு எது நடந்தாலும் கை உங்களை நோக்கித்தான் நீளும்.

கஷ்ட காலத்தில் சில முதலாளிகள் "இந்த மாசம் பிஎஃப் கட்ட வேண்டாம்மா, அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிக்கலாம்" என்பார்கள். தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி வரும், அதற்கு மேல் அபராதமும் வரும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடப்பில் இருந்தபோது, 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, தொழிலாளியின் பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் அந்தத் தொகையைக் கம்பெனி வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாமல் இருந்தது. குற்றம் என்று சொன்னால் அசையாத முதலாளிகூட இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்ததுண்டு. பேச்சோடு நிறுத்தாமல் மின்னஞ்சலிலும் எழுதி வையுங்கள்.

எங்கே சேருவது, எங்கே போவது?

முதல் வேலைக்கு என் ஓட்டு 200, 300 பேர் இருக்கும் நடுத்தரத் தொழிற்சாலைக்குத்தான். அங்கே வருகைப் பதிவிலிருந்து கிராஜுவிட்டி வரை எல்லாம் ஒரே மேஜைக்கு வரும். பெரிய அவுட்சோர்சிங் கம்பெனியில் சம்பளம் கூட இருக்கலாம், ஏசி இருக்கும், ஆனால் ஒரு ஆள் காலை முதல் மாலை வரை புதிதாகச் சேர்ந்தவர்களின் விவரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பார். இன்னொரு வழி பிஎஃப், ஈஎஸ்ஐ கன்சல்டன்ட் ஆபீஸ். சம்பளம் குறைவு, 15ஆம் தேதி நெருங்கினால் வீட்டுக்குப் போக இரவாகும். ஆனால் ஸ்பின்னிங் மில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, செக்யூரிட்டி ஏஜென்சி என்று விதவிதமான பட்டியல்கள் கைவழியே போகும். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் எங்கே போனாலும் தடுமாறுவதில்லை.

அசிஸ்டென்டுக்கு அடுத்தது எக்ஸிக்யூட்டிவ், பிறகு சீனியர், டீம் லீட், மேனேஜர். நேர்க்கோடு இதுதான் என்றாலும் பக்கவாட்டில் போகிறவர்கள்தான் நன்றாக வளர்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டம் பிடித்துப்போனவர்கள் கம்ப்ளையன்ஸ் (கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் வேலை) பக்கம் போய், கடைசியில் சொந்தமாகக் கன்சல்டன்சி வைக்கிறார்கள். மென்பொருளில் கை ஓடுகிறவர்களை ஜோஹோ பேரோல், கிரேட்எச்ஆர், ராம்கோ போன்றவற்றைக் கம்பெனிகளில் அமைத்துக் கொடுக்கும் வேலைக்கு எடுக்கிறார்கள். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை, ஈஎஸ்ஐ வரம்பு தாண்டிய ஆளை அந்த மென்பொருள் எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். ஆங்கிலம் தடையில்லாமல் வருமானால் சென்னையில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா நாடுகளின் சம்பளப் பட்டியலைப் போடும் மையங்கள் உண்டு. அங்கே நாட்டின் சட்டத்தைப் புதிதாகக் கற்க வேண்டும், ஷிப்ட் நேரமும் தலைகீழாக இருக்கும்.

படிப்பு என்று கேட்டால், சென்னையில் அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மைப் பட்டப்படிப்புகளும், வேலையில் இருப்பவர்களுக்கான தொழிலாளர் சட்டப் பட்டயங்களும் இருக்கின்றன. பெர்சனல் மேனேஜர் நாற்காலிவரை போக நினைப்பவர்களுக்கு இந்தச் சான்றிதழ் உதவும். பத்தாயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஒரு மாதத்தில் 'பேரோல் எக்ஸ்பர்ட்' ஆக்குகிறேன் என்னும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள். அதில் பாதியை நீங்களே வீட்டில் செய்துவிடலாம்.

எக்செலைத் திறந்து பத்து பேருக்கு ஒரு பட்டியல் போடுங்கள். ஒருவர் மாதம் 11ஆம் தேதி சேர்ந்தவர். ஒருவர் 20ஆம் தேதி நின்றவர். ஒருவருக்கு அடிப்படை 18,000, அவருடைய ஓய்வூதியப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒருவர் ஆகஸ்டில் 21,000ஐத் தாண்டியவர். ஒருவர் ஏழு வருடம் முடித்து நிற்கிறார், கடைசி ஊதியம் 16,000. கிராஜுவிட்டிக்கு ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் ஏழாலும் பெருக்குங்கள், 64,615 வர வேண்டும். நாள்கணக்கையும் பிடித்தத்தையும் ஃபார்முலாவில் போடுங்கள், எந்தக் கட்டத்திலும் எண்ணைக் கையால் அடிக்காதீர்கள். இன்டர்வியூவில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்தப் பத்து பேரில் மூன்று நான்கு பேரைப் பற்றித்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். லேப்டாப்பில் அந்த ஃபைலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.